நீலத்திரையும் கிண்டியில் படித்த ஒருவரும்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தேனியிலோ கம்பத்திலோ போடியிலோ பிரவுசிங் சென்டர் நடத்திய அண்ணன் யாரையாவது பிடித்து, "நீலத்திரை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். யாரோ ஒருவர் காலேஜ் அப்ளிகேஷனை முக்கால்வாசி நிரப்பியிருப்பார், திடீரென்று திரை முழுக்க நீலமாகி வெள்ளை எழுத்தில் என்னமோ ஆங்கிலத்தில் வரும். அவ்வளவுதான். பட்டனை அமுக்கி அணைத்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். வந்தவர் மணிக்கு உண்டான காசைக் கொடுக்காமல் சண்டை போடுவார்.

எல்லாரும் திட்டியது மைக்ரோசாஃப்டை. ஆனால் குற்றவாளி பெரும்பாலும் வேறு ஆள். அந்த ஆளைப் பிடிக்க ஒரு கருவி செய்தவர்களில் ஒருவர் நம்ம சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். பெயர் ஸ்ரீராம் ராஜாமணி. இந்தப் பதிவு அவரைப் பற்றியும் அந்தக் கருவியைப் பற்றியும்தான். பி.காம் படிக்கிற ஆளுக்கு இது எதற்கு என்று கேட்கும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். இதில் ஆடிட்டிங் பேப்பரும் வருகிறது!

முதலில் அந்தக் குற்றவாளி யார் என்று பார்த்துவிடுவோம். கம்ப்யூட்டரோடு பிரிண்டர், மௌஸ், வெப்கேம், மோடம் என்று எதைச் சொருகினாலும் அதை இயக்க ஒரு சின்ன மென்பொருள் தேவை. அதற்குப் பெயர் டிரைவர். இந்த டிரைவர்களில் பலவற்றை மைக்ரோசாஃப்ட் எழுதுவதில்லை, அந்தந்தப் பொருளைச் செய்கிற கம்பெனிகள் எழுதுகின்றன. பெரிய கம்பெனியும் எழுதும், தைவானில் ஒரு மாடியில் நடக்கிற கம்பெனியும் எழுதும். ஆனால் ஓடுவது எங்கே? பெரும்பாலும் விண்டோஸின் கர்ப்பகிரகமான கெர்னலில். வேர்டோ எக்ஸெலோ கெட்டுப்போனால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் இருக்கிற டிரைவர் ஒரு தப்பு செய்தால் மொத்த மெஷினும் படுத்துவிடும். அதுதான் நீலத்திரை. 2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையில், எக்ஸ்பியில் பதிவான செயலிழப்புகளில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று இருக்கிறது. இந்த 85 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேறு வேஷத்தில் திரும்ப வரும்.

இது வெறும் எரிச்சல் விஷயம் மட்டும் இல்லை. கெர்னலில் இருக்கிற ஓட்டை என்பது திருடனுக்குக் கொல்லைப்புறக் கதவு. உள்ளே நுழைந்துவிட்டால் மெஷினில் எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

சரி, எழுதியதும் சோதித்துப் பார்க்க மாட்டார்களா? பார்ப்பார்கள். இங்கேதான் நம்ம டிரையல் பேலன்ஸ் வருகிறது. பிளஸ் ஒன்னிலேயே படித்திருக்கிறோம்: இருப்பாய்வு டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. ஒரு பில்லை மொத்தமாகவே பதியாமல் விட்டிருந்தால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கும். ஆயிரம் ரூபாய் இங்கே கூடி இன்னொரு ஆயிரம் அங்கே கூடியிருந்தாலும் டேலி ஆகும். மென்பொருள் சோதனையும் இதே கதைதான். நூறு விதமாக ஓட்டிப் பார்த்தோம், நூறும் சரி என்றால், அந்த நூறு சரி. நூற்றியோராவது வழி? டிரைவரில் வழிகள் லட்சக்கணக்கில் பிரிகின்றன. பிரிண்டரில் பேப்பர் சிக்கிய அதே நொடியில் ஒருவர் ஒயரைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை எந்தச் சோதனையாளர் உட்கார்ந்து முயற்சி செய்வார்?

ஆடிட்டர் செய்கிற டெஸ்ட் செக் மாதிரி மாதிரிக்குச் சில வவுச்சர்களை எடுத்துப் பார்ப்பதற்குப் பதில், எல்லா வவுச்சரையும், இனி வரக்கூடிய எல்லா வவுச்சரையும் சேர்த்தே சரிபார்த்துவிட முடியுமா? நிரலை ஓட்டாமலே, அதன் எழுத்தை மட்டும் படித்து, எந்த வழியில் போனாலும் இது விதியை மீறாது என்று நிரூபிக்க முடியுமா? பொதுவாக எல்லா நிரலுக்கும் இதைச் செய்கிற ஒரு கருவி சாத்தியமே இல்லை என்று 1936இலேயே ஆலன் டூரிங்கின் கட்டுரை காட்டிவிட்டது. ஆனால் "எல்லா நிரலுக்கும் முடியாது" என்பதற்கு "எந்த நிரலுக்கும் முடியாது" என்று பொருள் இல்லையே!

இந்த இடைவெளியில் முதலில் புகுந்தவர்கள் மென்பொருள்காரர்கள் இல்லை, சிப் செய்கிறவர்கள். மாடல் செக்கிங் என்ற முறை 1980களின் தொடக்கத்தில் பிறந்தது. எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன், ஜோசப் சிஃபாகிஸ் மூவருக்கும் அதற்காக 2007ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. 1994இல் இன்டெலின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கில் ஒரு பிழை வெளியே வந்து, சிப்புகளை மாற்றிக் கொடுப்பதற்காக இன்டெல் தன் கணக்கில் 47.5 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. அதற்குப் பிறகு சிப் கம்பெனிகள் இந்த மாதிரி நிரூபண முறைகளை ரொம்பவே சீரியஸாக எடுத்துக்கொண்டன. ஆனால் சிப் வேறு, மென்பொருள் வேறு. சிப்பில் நிலைகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. சி மொழியில் எழுதிய நிரலில் அது ஏறக்குறைய எல்லையே இல்லாமல் போகும்.

ஸ்ரீராம் ராஜாமணி கிண்டியில் 1991இல் பி.இ. முடித்தார். (கிண்டி கல்லூரி 1794இல் நிலம் அளக்கக் கற்றுக்கொடுக்கும் சர்வே பள்ளியாக ஆரம்பித்தது. அளந்து சரிபார்க்கிற புத்தி அங்கே தண்ணீரிலேயே இருக்கிறது போல!) அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்., கொஞ்ச காலம் கம்பெனி வேலை, பிறகு பெர்க்லியில் தாமஸ் ஹென்சிங்கரிடம் மாடல் செக்கிங்கில் முனைவர் பட்டம். 1999இல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் சேர்கிறார். அங்கே தாமஸ் பால் என்று ஒருவர். அவர் நிரல் பகுப்பாய்வு பக்கத்தில் இருந்து வந்தவர், இவர் மாடல் செக்கிங் பக்கத்தில் இருந்து வந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஸ்லாம் என்ற திட்டம். பெயருக்கு முதலில் ஏதோ ஒரு விரிவு இருந்ததாம், ஒவ்வொருவருக்கும் அதை விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், பிழைகளை ஓங்கி அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த விளக்கமே பிடித்திருக்கிறது.

இவர்கள் செய்த புத்திசாலித்தனம் எல்லாப் பிழையையும் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பாததுதான். ஒரே ஒரு வகை நிரல், அதாவது டிரைவர். ஒரே ஒரு வகைக் கேள்வி: விண்டோஸ் கெர்னலோடு பேசும்போது இந்த டிரைவர் பேச்சுமுறையை மீறுகிறதா?

எப்படி வேலை செய்கிறது என்பதை நம்ம ஊர் உதாரணத்தில் சொல்லிப் பார்க்கிறேன். போடியில் ஒரு ஏலக்காய் கோடவுன். ஒரே சாவி. விதி இரண்டு: கையில் சாவி இருக்கும்போது மறுபடி சாவி கேட்கக்கூடாது. வாங்காத சாவியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. வேலையாளுக்கு முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இப்படி: "மூட்டை வந்திருந்தால் சாவி வாங்கு. பிறகு கணக்கு நோட்டை எழுது, டீ வாங்கி வை, தராசைத் துடை. மூட்டை வந்திருந்தால் சாவியைத் திருப்பிக் கொடு."

ஸ்லாம் இந்தச் சீட்டை எடுத்ததும் விதிக்குச் சம்பந்தம் இல்லாத எல்லாவற்றையும் அழித்துவிடும். நோட்டு, டீ, தராசு எல்லாம் போய்விடும். மூட்டை வந்ததா என்பதும் போய்விடும்! மிஞ்சுவது: "ஒருவேளை சாவி வாங்கலாம். ஒருவேளை சாவி கொடுக்கலாம்." காசு சுண்டிப் பார்க்கிற மாதிரி. இப்படி ஆம்-இல்லை மட்டுமே மிஞ்சிய நிரலை மாடல் செக்கர் முழுசாகத் தேடிவிடும், அது சின்னதுதானே. தேடியதும் கத்தும்: "வாங்காமலே திருப்பிக் கொடுக்கிற வழி ஒன்று இருக்கிறது!"

அடுத்த கட்டம்தான் அழகு. அந்த வழியை எடுத்துக்கொண்டு அசல் சீட்டில் வைத்துப் பார்க்கும். முதல் வரியில் மூட்டை வரவில்லை, கடைசி வரியில் மூட்டை வந்திருக்கிறது, நடுவில் யாரும் மூட்டை இறக்கவில்லை. அப்படி நடக்கவே முடியாது. அப்படியென்றால் இது பொய் எச்சரிக்கை. எதைத் தூக்கிப் போட்டதால் ஏமாந்தோம்? "மூட்டை வந்ததா" என்பதை. சரி, அதை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொள். மறுபடி தேடு. இந்த முறை பிழை இல்லை, நிரூபணம் முடிந்தது. டீயும் தராசும் கடைசிவரை தேவைப்படவே இல்லை.

அழித்துச் சுருக்குவது, தேடுவது, கிடைத்த வழி நிஜமா என்று பார்ப்பது என்று மூன்று பாகம். முதல் பாகத்துக்கு சி2பிபி என்று பெயர், இரண்டாவதுக்கு பீபாப், மூன்றாவதுக்கு நியூட்டன். இந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நிரல்களில் நிற்காமலே சுற்றும், டூரிங் சும்மா விடுவாரா? அப்போது நேரம் முடிந்தது, தெரியவில்லை என்று கருவி ஒப்புக்கொள்ளும். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிற கருவி மேல் எனக்குத் தனி மரியாதை.

இதற்கிடையில் வெளியே உலகம் எரிந்துகொண்டிருந்தது. 2001 ஜூலை 19 அன்று கோட் ரெட் என்ற புழு, மைக்ரோசாஃப்டின் வெப் சர்வர் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக 14 மணி நேரத்துக்குள் 3,59,000 கணினிகளுக்கு மேல் பரவியது. செப்டம்பரில் நிம்டா. 2002 ஜனவரி 15 அன்று பில் கேட்ஸ் ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார்: புது வசதி சேர்ப்பதா, பாதுகாப்பா என்று வந்தால் இனி பாதுகாப்புதான் முதலில் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து விண்டோஸ் குழு வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு, சில வாரங்கள் பாதுகாப்புப் பயிற்சியிலும் பழைய நிரலைத் துருவுவதிலும் இறங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் வன்பொருள் பொறியாளர்கள் மாநாட்டில் கேட்ஸ் பேசியபோது, கணினி அறிவியல் பல பத்தாண்டுகளாகத் தேடிய நிரல் சரிபார்ப்பு என்ற விஷயம் டிரைவர் போன்ற சில இடங்களில் கைக்கு வர ஆரம்பித்திருக்கிறது என்று சொன்னார். இரண்டு மூன்று பேர் ஆரம்பித்த ஆராய்ச்சி அதற்குள் கம்பெனித் தலைவரின் மேடைப் பேச்சுக்குப் போய்விட்டது.

ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரை வேறு, வெளியூர் கம்பெனிக்காரன் தன் டிரைவரைக் கொடுத்து பட்டனைத் தட்டினால் ஓடுகிற கருவி வேறு. இந்த இடத்தில்தான் நிறைய ஆராய்ச்சிகள் செத்துப்போகின்றன. கணிதப் பகுதியை விட அதிக உழைப்பை வாங்கியது இரண்டு சாதாரண வேலைகள். ஒன்று, விதிகளை எழுதுவது. கெர்னலோடு எப்படிப் பேச வேண்டும் என்பது விண்டோஸ் டிரைவர் குழுவின் மூத்தவர்கள் தலைக்குள் இருந்தது, கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். இரண்டு, கெர்னலுக்கு ஒரு பொம்மை செய்வது. டிரைவரைத் தனியாகச் சோதிக்கும்போது எதிரில் விண்டோஸ் இருப்பது மாதிரி நடிக்க ஓர் ஆள் வேண்டுமே. அந்தப் பொம்மை தப்பாக நடித்தால் கருவி பொய் எச்சரிக்கையாகக் கொட்டும். இரண்டு தடவை பொய்யாகக் கத்தினால் பொறியாளர் மூன்றாவது தடவை அதைத் திறக்கவே மாட்டார். புலி வருது கதைதான்.

விண்டோஸ் குழுவைச் சேர்ந்த விளாடிமிர் லெவின், பைரன் குக் போன்றவர்கள் சேர்ந்து ஸ்லாமை உள்ளே வைத்து ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர் என்ற கருவியாக்கினார்கள். 2006இல் விஸ்டாவுக்கான டிரைவர் கிட்டோடு அது உலகம் முழுக்க டிரைவர் எழுதுகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே 2006இல் ராஜாமணி பெங்களூரில் தொடங்கி ஒரு வருஷமே ஆகியிருந்த மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவுக்கு வந்துவிட்டார். பின்னாளில் அதன் தலைவரும் ஆனார். இங்கே வந்த பிறகு ஆதித்ய நோரி உள்ளிட்ட குழுவோடு, சோதனையையும் நிரூபணத்தையும் ஒன்றுக்கொன்று உதவ விடுகிற சினர்ஜி என்ற முறையைச் செய்தார். ஓட்டிப் பார்த்ததில் கிடைத்த தகவலை நிரூபணத்துக்குக் கொடு, நிரூபணம் தடுக்கிய இடத்தைச் சோதனைக்குக் கொடு. டெஸ்ட் செக் செய்கிற ஆளும் லெட்ஜரை முழுசாகப் பார்க்கிற ஆளும் ஒரே மேசையில் உட்கார்ந்த மாதிரி. 2011இல் தாமஸ் பாலுக்கும் இவருக்கும் கணினிவழிச் சரிபார்ப்புத் துறையின் கேவ் விருது கிடைத்தது.

விருதை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பின்னர் விண்டோஸ் சர்வருக்கான சான்றிதழ் வேண்டும் என்றால், இந்த மாதிரிக் கருவிகளை ஓட்டியதற்கான பதிவுக் கோப்பையும் டிரைவரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதாவது கருவி ஆராய்ச்சியாளரின் மேசையில் இருந்து வெளியீட்டின் வாசலுக்கு வந்துவிட்டது. எழுது, தொகு, சரிபார், கையொப்பம் இடு, அனுப்பு என்று மெஷினே நடத்துகிற வரிசையில் அது ஒரு செக்போஸ்ட். ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. இல்லாமல் பஸ் ரோட்டுக்கு வரக்கூடாது என்பது மாதிரி. மனிதன் அவசரத்தில் "பரவாயில்ல, விடு" என்று சொல்லலாம். வாசலில் நிற்கிற நிரல் சொல்லாது.

இப்போது 85க்கு வருகிறேன். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம்ம நேரம் காலை 9.39. (கோட் ரெட் பரவிய அதே தேதி, சரியாக 23 வருஷம் கழித்து.) கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. 78 நிமிஷத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரைக்குப் போய்விட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தது ஞாபகம் இருக்கும். பார்ச்சூன் 500 நிறுவனங்களுக்கு மட்டும் 540 கோடி டாலர் நேரடி நஷ்டம் என்று பாராமெட்ரிக்ஸ் என்ற நிறுவனம் மதிப்பிட்டது.

காரணம் என்ன தெரியுமா? கோப்பில் 21 கட்டங்கள். அதைப் படிக்கிற கெர்னல் பகுதிக்கு வந்து சேர்ந்ததோ 20. இல்லாத 21ஆவதைத் தேடிப் போய் எல்லைக்கு வெளியே கை வைத்தது, மெஷின் விழுந்தது. கோப்பைச் சரிபார்க்க வேண்டிய நிரலிலும் ஒரு பிழை இருந்ததால் அது பாஸ் போட்டுவிட்டது. முந்தைய சோதனைகளில் 21ஆவது கட்டத்தில் "எதுவானாலும் சரி" என்ற குறி இருந்ததால் பிழை தலைகாட்டவே இல்லை. டேலி ஆன டிரையல் பேலன்ஸ்!

ஸ்லாம் இதைப் பிடித்திருக்குமா? நேர்மையாகச் சொன்னால் பிடித்திருக்காது. நினைவக எல்லையைத் தாண்டுவது அது தேடுகிற வகைப் பிழையே அல்ல, அது பேச்சுமுறை மீறலைத் தேடுகிறது. என் பார்வையில் பெரிய கோளாறு வெளியீட்டு முறையில்தான் இருந்தது. டிரைவருக்கு எல்லா செக்போஸ்டும் இருந்தன. அந்த டிரைவர் படிக்கிற கோப்பு பக்கவாட்டுக் கதவு வழியாக, உலகம் முழுக்க ஒரே நேரத்தில் போனது.

மதுரை - போடி ரயில் பாதையை அகலப்பாதையாக மாற்றியதை நம்ம ஊர்க்காரர்கள் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து பார்த்தோம். உசிலம்பட்டி வரை முடித்து சோதனை ஓட்டம், பிறகு ஆண்டிபட்டி, 2022இல் தேனிக்கு ரயில், 2023இல் போடிக்கு. ஒவ்வொரு துண்டிலும் அதிகாரி வந்து பார்த்து வேகமாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் பயணிகளை ஏற்றினார்கள். மென்பொருளிலும் அதே முறைதான்: முதலில் கொஞ்சம் மெஷினுக்கு அனுப்பு, விழவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். கிரவுட்ஸ்ட்ரைக் இந்தப் படிப்படியான முறையைக் கோப்புகளுக்கும் கொண்டுவந்தது அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.

இதில் நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் இன்று கணினியில்தான் நடக்கிறது. வண்டன்மேட்டு விவசாயியின் ஒரு வருஷ உழைப்புக்குத் திரையில்தான் விலை ஏறி இறங்குகிறது. அந்தத் திரைகளுக்குப் பின்னாலும் யாரோ எழுதிய டிரைவர்கள் இருக்கின்றன.

ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையருக்கு வயதாகிவிட்டது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 டிரைவர் கிட்டில் அது இல்லை. வாசலில் இப்போது நிற்பது கோட்கியூஎல். ஆக்ஸ்ஃபோர்டில் கிளைத்த செம்லி என்ற நிறுவனம் செய்தது, 2019இல் கிட்ஹப் வாங்கியது. நிரலை ஒரு டேட்டாபேஸாக மாற்றிவிட்டு, "இந்த மாதிரி தப்பு எங்கெங்கே இருக்கிறது?" என்று கேள்வி கேட்கலாம். பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்ததும் அதையே ஒரு கேள்வியாக எழுதி ஆயிரக்கணக்கான நிரல்களில் தேடுவது இதை வைத்துத்தான். ஸ்லாம் மாதிரி இது நிரூபணம் தருவதில்லை, ஆனால் வேகமாக ஓடும், புதுக் கேள்வி எழுதுவதும் சுலபம். ஸ்லாம் கதையை முழுசாகப் படிக்க நினைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள், பால், லெவின், ராஜாமணி மூவரும் 2011 ஜூலையில் ஏ.சி.எம். இதழில் எழுதிய பத்தாண்டு வரலாற்றைத் தேடிப் படிக்கலாம். கணிதம் குறைவு, பட்ட பாடு அதிகம். எனக்கே பாதிக்கு மேல் புரிந்தது.